ரப்பர் விட்டாச்சு

நாற்பத்தொரு நாளாக எனக்கும் என் கொழுந்தனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே பட்டறை, ஒரே மேசை, ஒரே திருப்புளிப் பெட்டி. அவன் வைத்ததை நான் எடுப்பேன், நான் வைத்ததை அவன் எடுப்பான். முகம் மட்டும் கொடுக்க மாட்டோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஒத்துக்கொள்கிறேன். அவனுக்குக் கோபமே வராது, வீம்புதான் வரும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் அவனுடையதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

பட்டறைப் பலகையில் 'அண்ணன் தம்பி ஆட்டோ எலெக்ட்ரிக்கல்ஸ்' என்று எழுதியிருக்கும். அண்ணன் என்பது என் வீட்டுக்காரர். அவருக்கு வயரில் தலை எது வால் எது என்று தெரியாது, பிக்கப் வண்டி ஓட்டுகிறார். தம்பி என்பது என் கொழுந்தன். வீட்டில் சின்னவன் என்போம். முப்பத்திரண்டு வயது, ஏழு வயதில் ஒரு மகள், மீசையில் இரண்டு நரை, இன்னும் சின்னவன்தான். வேலையில் பாதி அவன். மீதிப் பாதியும், வாங்கிக் கட்டிக்கொள்வது முழுசும் நான். "அண்ணன் இல்லையா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் "நான்தான் அண்ணன், சொல்லுங்க" என்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் வெளியே போய்ப் பலகையை இன்னொரு தடவை பார்ப்பார்கள்.

பேச்சு நின்றது ஒரு ஹாரனால். ஒரு ஸ்கூல் வேன் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் தானாக ஹாரன் அடித்தது. வேன்காரர் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். அந்த வயரிங்கை மாற்றிக் கொடுத்தது சின்னவன். ஆனால் அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அது அண்ணி பார்த்த வேலை" என்றான். என் காதால் கேட்டேன். கையிலிருந்த டெஸ்ட் லாம்பை அவன் காலடியில் வீசியடித்தேன், பல்பு சுக்குநூறாகியது. அன்றோடு சரி.

அதற்குப் பிறகு எல்லாமே வீட்டுக்காரர் வழியாகத்தான். "உங்க தம்பிகிட்ட அந்தக் கட்டிங் பிளேயரைக் கேளுங்க." "அண்ணே, அது அவங்க மடியிலதான் இருக்குன்னு சொல்லு." அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த நிலையில்தான் ஃபாக் லைட் வேலை வந்தது. வேறு யாருக்கும் இல்லை, எங்கள் பிக்கப்புக்கே. மலை மேல் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றிப் போகிற வேலை வீட்டுக்காரருக்குக் கிடைத்திருந்தது. இந்தப் பருவத்தில் மத்தியானம் ஆனால் போதும், மலையில் மூடுபனி இறங்கிவிடும். நீட்டின கை தெரியாது. போன வாரம் ஒரு பஸ் அவருடைய பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். மறுநாளே நான் போய் மஞ்சள் ஃபாக் லைட் ஒரு ஜோடி, வயர், ரிலே எல்லாம் அடங்கிய பெட்டியை வாங்கிவந்தேன்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. பேட்டரியிலிருந்து ஒரு தடித்த சிவப்பு வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், அங்கிருந்து ரிலே என்கிற சின்ன சுவிட்ச் டப்பா, ரிலேயிலிருந்து லைட். ரிலேயை இன்ஜின் பக்கம் வைப்பதுதான் வழக்கம். ஆனால் என் வீட்டுக்காரர் இன்ஜினைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் குழாய் போட்டுக் குளிப்பாட்டுவார், ஏற்கெனவே இரண்டு ரிலே அந்தக் குளியலில் செத்திருக்கிறது. அதனால் இந்தத் தடவை கேபினுக்குள், பெடல்களுக்கு மேலே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அப்படியென்றால் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலிருக்கிற தகரத்தில் துளை போட்டுச் சிவப்பு வயரை உள்ளே கொண்டுவர வேண்டும். துளை போட்ட தகரத்தின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். ஆகவே முதலில் துளையில் ஒரு ரப்பர் வளையத்தைப் பொருத்தி, வளையத்துக்குள் வயரை விடுவோம். பட்டறையில் அதற்குப் பெயர் வெறும் ரப்பர். சுண்டுவிரல் நகம் அளவு சாமான்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். நான் பம்பருக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். சின்னவன் கேபினுக்குள் பெடல்களுக்கு மேலே தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தான். நடுவில் வீட்டுக்காரர் சாக்லெட் சப்பிக்கொண்டு நின்றார். சிகரெட்டை நிறுத்தியதிலிருந்து அவருக்கு வாயில் எந்நேரமும் சாக்லெட் இருக்க வேண்டும். பக்கத்து வெல்டிங் கடையில் கிரைண்டர் காதைக் கிழித்தது.

உள்ளேயிருந்து சின்னவன் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை.

"என்னவாம்?" என்றேன்.

"ரப்பரை விட்டுடட்டுமான்னு கேக்குறான்" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்து வருஷமாக வயரிங் பார்க்கிறவன் கேட்கிற கேள்வியா இது? என்னைச் சீண்டிப் பார்க்கத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா? விடச் சொல்லுங்க!" என்று கீழேயிருந்தே கத்தினேன்.

"டேய், விடச் சொல்றாடா!"

அரை மணி கழித்து லைட்டை முடுக்கிவிட்டு எழுந்து வந்தேன். "ரப்பர் விட்டாச்சான்னு கேளுங்க."

இவர் கேட்பதற்கு முன்பே உள்ளேயிருந்து பதில் வந்தது. "விட்டாச்சு, விட்டாச்சு." இரண்டு தடவை சொன்னான், குரலில் ஒரு குத்தலோடு.

யார் செய்த வேலையாக இருந்தாலும் நான் ஒரு தடவை குனிந்து, விரலை வைத்துத் தடவிப் பார்ப்பேன். நானே செய்த வேலையைக்கூட அப்படித்தான். அன்றைக்குப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் அவனிடம் "நகரு" என்று சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் செலவழிக்க எனக்கு மனசில்லை.

சுவிட்சைப் போட்டதும் எதிர்ச் சுவர் முழுக்க மஞ்சளானது. வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். ஒரு ஃபியூஸைக் கூடுதலாக அவர் கையில் கொடுத்தேன்.

"இது எதுக்கு?"

"போனா போடறதுக்கு. ஆனா ஏன் போச்சுன்னு பாத்துட்டுத்தான் போடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பிப் போனார். கிடங்கில் பதினான்கு சிலிண்டர் ஏற்றிக்கொண்டு இரண்டு மணிக்குள் மேலே போய்ச் சேர வேண்டும்.

பதினொன்றரைக்கு நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஃபாக் லைட் பெட்டியைக் குப்பையில் போடலாம் என்று எடுத்துக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்று விழுந்து, உருண்டு, மேசைக் காலடியில் போய் நின்றது. குனிந்து எடுத்தேன். ரப்பர்.

இரண்டு கொடுத்திருப்பான், ஒன்று மிச்சம் என்று நினைத்துப் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்தேன். படத்தில் ஒன்றுதான் இருந்தது.

சின்னவன் ஒரு ஆட்டோவின் டைனமோவைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நேரே அவன் முன்னால் போய் நின்று ரப்பரை நீட்டினேன்.

"இது என்ன?"

அவன் திரும்பி அண்ணன் எங்காவது நிற்கிறாரா என்று பார்த்தான். "என்கிட்டயா கேக்குறீங்க?"

"பின்ன சுவத்துகிட்டயா? இது என்னடா?"

"ரப்பர்."

"இது ஏன் இங்க இருக்கு? விட்டாச்சுன்னு சொன்னியே!"

"ஆமா. விட்டாச்சுன்னுதான் சொன்னேன்." அவன் எழுந்து நின்றான். "நீங்கதானே விடச் சொன்னீங்க? வயர் தடிமனா இருக்கு, இந்த ரப்பருக்குள்ள நுழையல, விட்டுடட்டுமான்னு கேட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியா, விடச் சொல்லுங்கன்னு கத்துனீங்க. விட்டுட்டேன்."

ஆட்டோவின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்ன விடு, உள்ளே விடு. அவன் கேட்ட விடு, வேண்டாமென்று விடு. நடுவிலிருந்த 'நுழையல' என்கிற ஒரு சொல்லை என் வீட்டுக்காரர் சாக்லெட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டார். பெட்டியோடு வந்த மெல்லிய வயர் வேண்டாமென்று தடித்த வயரைக் கொடுத்ததும் நான்தான்.

"நுழையலன்னு அவர் என்கிட்ட சொல்லவே இல்ல" என்றேன்.

"நான் சொன்னேன் அண்ணி. சத்தியமா சொன்னேன்."

"துளை விளிம்பை அரம் போட்டாவது தேச்சியா?"

"இல்ல. மகாராணியே சொல்லியாச்சு, எனக்கென்னன்னு..." என்று இழுத்தான்.

பிளேடு மாதிரி விளிம்பு, அதில் இறுக்கிப் பிடித்த வயர், பன்னிரண்டு வளைவு மலைப்பாதை. குலுங்கக் குலுங்க வயரின் தோல் அறுந்துகொண்டேயிருக்கும். உள்ளிருக்கிற செம்பு தகரத்தைத் தொடுகிற நிமிஷம் ஷார்ட்.

"ஃபியூஸ் இருக்கே அண்ணி. அது போயிடும். லைட் அணைஞ்சுடும், அவ்வளவுதானே?"

"உங்க அண்ணனைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

அவனுக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹெட்லைட் ஃபியூஸ் போனபோது, என் வீட்டுக்காரர் செத்துப்போன ஃபியூஸின் மேல் சாக்லெட் சுற்றிய சில்வர் பேப்பரைச் சுற்றி மறுபடி சொருகி, ஊர் வந்து சேர்ந்தார். பார்த்துவிட்டு மூன்று நாள் அவரைக் கரித்துக்கொட்டினேன். இனிமேல் சத்தியமாக இல்லை என்றார். ஆனால் பேப்பரைச் சேர்த்துவைக்கிற பழக்கம் போகவில்லை. மூடுபனியில், ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய மனுஷன் என்ன செய்வார்? முதலில் நான் கொடுத்த ஃபியூஸைப் போடுவார். அதுவும் போகும். அப்புறம் சில்வர் பேப்பர்தான். பேப்பர் சுற்றிய ஃபியூஸ் போகாது, வயர்தான் பற்றி எரியும். அவர் காலுக்கு நேர் மேலே. முதுகுக்குப் பின்னால் பதினான்கு ஆக்சிஜன் சிலிண்டர்.

போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். மறுபடி போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. அவளுக்கென்ன.

சின்னவன் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டான். நான் பெரிய ரப்பர் ஒன்று, வயர், அரம், டேப், ஃபியூஸ், ஃபியூஸ் பெட்டி எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டேன். சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரையும் கழற்றிக்கொண்டேன். பைக்கில் எங்கள் இருவருக்கும் நடுவில் அதுதான் உட்கார்ந்து வந்தது.

சமவெளி ரோட்டில் அவன் விரட்டிய விரட்டில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு தடவை எதிரில் வந்த பஸ்காரன் கையை ஆட்டித் திட்டினான். மலை அடிவாரத்தில் முதல் வளைவு திரும்பும்போது சின்னவன் தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"அண்ணி, ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"வாயைக் கழுவுடா. ரோட்டைப் பாரு."

"இல்ல, நான் இறங்கி வந்து ஒரு தடவை உங்க முகத்தைப் பாத்துக் கேட்டிருக்கலாம்."

"நானும் குனிஞ்சு பாத்திருக்கலாம். பேசாம ஓட்டு."

பேசாமல் ஓட்டவில்லை. நாற்பத்தொரு நாள் அடைபட்டது அவனுக்கு அந்த நேரத்தில்தான் திறந்துகொண்டது. "அன்னைக்கு அந்த வேன் வந்துச்சே, முன் சீட்டுல என் பொண்ணு உக்காந்திருந்தா. அவ ஸ்கூல் வேன் அது. அப்பாவை அந்த ஆள் திட்டுறதை அவ பாத்துக்கிட்டே இருந்தா. அவ முன்னால என் தப்புன்னு சொல்ல நாக்கு எழும்பல அண்ணி. உங்க பேரு வாயில வந்துடுச்சு."

வேனுக்குள் அந்தக் குழந்தை இருந்தது எனக்குத் தெரியாது. நான் டெஸ்ட் லாம்பை வீசியதையும் அவள் பார்த்திருப்பாள். அதை நினைக்க எனக்கே கூசியது. ஆனால் அப்போது அதற்கெல்லாம் இடமில்லை, மனசு முழுக்கப் பெடல்களுக்கு மேலே இருந்தது.

ஐந்தாம் வளைவில் மூடுபனி ஆரம்பித்தது. ஏழில் முன் சக்கரம் தெரியவில்லை. சின்னவன் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். எட்டாம் வளைவு டீக்கடையில் நிறுத்தி, "ஒரு பிக்கப் போச்சா? மஞ்சள் லைட் போட்டுக்கிட்டு?" என்று கேட்டேன்.

"போச்சு போச்சு. கால் மணி இருக்கும். லைட்டா அது, கண்ணைப் பறிச்சுது" என்றார் டீக்கடைக்காரர்.

அப்போது எரிந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சின்னவன் அதற்குள் கியரை மாற்றிவிட்டான்.

பத்தாம் வளைவில் ஒரு லாரி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்தது. டிரைவர் எங்களைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகக் கத்தினார். "பாத்துப் போங்கய்யா! மேல ஒருத்தன் லைட்டே இல்லாம நடு வளைவுல பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறான்!"

முதல் ஃபியூஸ் போய்விட்டது. ஒருவேளை இரண்டாவதும்.

பதினொன்றாம் வளைவில்தான் வண்டி நின்றது. முதலில் பின்பக்க சிவப்பு லைட் இரண்டு மங்கலாகத் தெரிந்தது, அப்புறம் வரிசையாகச் சிலிண்டர்களின் கழுத்து. வண்டிக்கு முன்னால் பானெட்டுக்குக் கீழே என் வீட்டுக்காரர் குனிந்து நின்றார். ஒரு கையில் போன் டார்ச். இன்னொரு கையில் ஏதோ மினுமினுத்தது. அது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பைக் நிற்பதற்கு முன்பே நான் குதித்தேன். எனக்கு முன்னால் சின்னவன் தொண்டை கிழியக் கத்தினான்.

"அண்ணே! விடு! அதை விடு!"

வீட்டுக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம். "வந்துட்டீங்களா! இதோ விட்டுட்டேன்டா!" என்று சொல்லிக்கொண்டே அந்த மினுமினுப்பை ஃபியூஸ் இருக்கிற இடத்தில் அழுத்தினார்.

சட்டென்று கேபினுக்குள்ளே நீலமாக ஒரு வெட்டு. அடுத்து ஒரு சிடுசிடுப்பு. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கறுப்பாகப் புகை சுருண்டு வந்தது, ரப்பர் கருகுகிற நாற்றத்தோடு. நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவரை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, பேட்டரியிலிருந்து போகிற சிவப்பு வயரை வலது கையால் பிடித்து, ஒரு காலை பம்பரில் ஊன்றி, என் பலம் மொத்தத்தையும் போட்டு இழுத்தேன். வயர் கொதித்தது. அதன் தோல் உருகி என் உள்ளங்கையில் ஒட்டியது. முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதில் ஃபியூஸ் பெட்டியோடு பிய்த்துக்கொண்டு வந்தது.

அதே நேரம் சின்னவன் கதவைத் திறந்து உள்ளே தீயணைப்பு சிலிண்டரை அடித்தான். வெள்ளையாக ஒரு மேகம் கேபினை நிறைத்தது. அவன் இருமினான், அடித்தான், மறுபடி இருமினான். பிறகு சத்தம் நின்றது.

"அணைஞ்சுடுச்சா?" என்றேன்.

"அணைஞ்சுடுச்சு அண்ணி."

"கையை வச்சுப் பாத்தியா?"

"வச்சுப் பாத்துட்டேன். சூடா இருக்கு, தீ இல்ல."

நான் போய்ப் பார்த்தேன். கிளட்சுக்குப் பக்கத்தில் தரை விரிப்பில் கையகலம் கருகி ஓட்டையாகியிருந்தது. வண்டியில் உட்கார்ந்தால் என் வீட்டுக்காரரின் இடது கால் இருக்கிற இடம் அது. பின்னால் சிலிண்டர்கள் ஒன்றும் நடக்காததுபோல் நின்றன. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே அவரைத் திட்டினேன், திட்டிக்கொண்டே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"பேப்பர் சுத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே, மனுஷனா நீங்க?"

"ரெண்டு ஃபியூஸும் போயிடுச்சு. மேல ஆஸ்பத்திரில காத்துக்கிட்டிருப்பாங்க. எனக்கும் சந்தேகம்தான். சுத்திக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்." சின்னவன் பக்கம் கையைக் காட்டினார். "இவன் விடு விடுன்னு கத்துனான். உன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றான்னு நினைச்சேன். விட்டேன்."

சின்னவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தான். "நான் கையை விடுன்னு சொன்னேன் அண்ணே."

"எல்லாருமா சேர்ந்து என்னைக் கொன்னுருவீங்க போலிருக்கே" என்றார் அவர். சொல்லிவிட்டு அவராகவே தலை குனிந்தார். "காலைல நுழையலன்னு இவன் சொன்னதை நான்தான் சொல்லாம விட்டேன். உங்களுக்கு நடுவுல பேசிப் பேசி வாய் வலிச்சுப் போச்சு. பாதி சொன்னா போதும்னு ஆயிடுச்சு எனக்கு."

யாரை யார் திட்டுவது? நான் கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் சிவப்பு பிளாஸ்டிக் கோடாக ஒட்டியிருந்தது, விரலை மடக்க முடியவில்லை. வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை மெதுவாக ஊற்றித் துணியைச் சுற்றினார். வலியில் நான் போட்ட சத்தம் பள்ளத்தாக்கில் இறங்கிப் போனது.

மணி ஒன்று. மேலே ஆஸ்பத்திரி. இந்தப் பனியில் லைட் இல்லாமல் வண்டியை நகர்த்த முடியாது, நடு வளைவில் நிறுத்திவைக்கவும் முடியாது. என் கை வேலைக்கு ஆகாது. பையைச் சின்னவனிடம் தள்ளினேன்.

"நீதான் செய்யணும். நான் சொல்றேன். ஒவ்வொண்ணும் செஞ்சு முடிச்சதும் வாயால சொல்லு. அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்."

"எந்த வார்த்தை?"

"அதான்."

புரிந்துகொண்டான். வீட்டுக்காரரைப் பின்னால் வளைவுக்கு அனுப்பி, போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். சின்னவன் பேட்டரி இணைப்பைக் கழற்றினான், கழற்றினதைச் சொன்னான். கருகிய வயரை எடுத்து வெளியே போட்டான், போட்டதைச் சொன்னான். துளையின் விளிம்பை அரத்தால் சுற்றிச் சுற்றித் தேய்த்தான்.

"தேச்சாச்சு."

"விரலை வச்சு ஓட்டிப் பாரு. கீறுதா?"

"கீறல."

"பெரிய ரப்பரைப் பொருத்து."

உள்ளேயிருந்து முக்கல் முனகல். ஒரு பஸ் எங்களைச் சுற்றிக்கொண்டு ஹாரன் அடித்தபடி போனது. வண்டி அதிர்ந்தது.

"ரப்பர் துளைக்குள்ள இருக்கு அண்ணி. வயர் ரப்பருக்குள்ள இருக்கு. இழுத்துப் பாத்தேன், அசையல."

நான் கதவருகே போனேன். அவன் முதுகு தெரிந்தது, தலை உள்ளே இருந்தது. காலையில் எனக்குச் செலவழிக்க மனசில்லாத வார்த்தையை இப்போது செலவழித்தேன்.

"நகரு தம்பி. நான் பாக்கணும்."

அவன் நகர்ந்தான். கருகின விரிப்பின் மேல் மண்டி போட்டு, இடது கையை மேலே நீட்டித் துளையைத் தேடினேன். விரல் நுனியில் ரப்பர் பட்டது. ஒரு சுற்று முழுக்கத் தடவினேன். தகரம் எங்கேயும் கையில் படவில்லை. இன்னொரு சுற்றும் தடவினேன்.

புது ஃபியூஸ் பெட்டியை வைத்து, ஃபியூஸைப் போட்டு, பேட்டரியை மாட்டி, சுவிட்சைத் தட்டினோம். இரண்டு மஞ்சள் லைட்டும் பனியைப் பிளந்துகொண்டு வளைவின் தடுப்புச் சுவரைக் காட்டின. வீட்டுக்காரர் ஓடிவந்து ஏறப் போனார். நான் கதவை மறித்துக்கொண்டு நல்ல கையை நீட்டினேன்.

"என்ன?"

"பேப்பர்."

சட்டைப் பையிலிருந்து ஆறு எடுத்தார். டாஷ்போர்டு குழியிலிருந்து ஒன்பது. நான் நகரவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, வெயில் தடுப்புக்குப் பின்னாலிருந்து மடித்துவைத்த ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் என் பையில் போட்டுக்கொண்டு, நான்கு ஃபியூஸை அவர் கையில் வைத்தேன்.

"மேல போய் சிக்னல் கிடைச்சதும் போன் பண்ணுங்க."

"பண்றேன்." வண்டியைக் கிளப்பிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எனக்கு போஸ்ட் ஆபீஸ் வேலை போச்சா?"

"போச்சு" என்றோம் இரண்டு பேரும்.

வண்டி மெதுவாகப் போய்ப் பன்னிரண்டாம் வளைவில் திரும்பியது. மஞ்சள் வெளிச்சம் கொஞ்ச நேரம் பனிக்குள் தெரிந்துகொண்டிருந்தது. அது மறைந்த பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். எனக்குக் கை விண்விண்ணென்று தெறித்தது. சின்னவன் பைக்கின் கைப்பிடியைத் துடைப்பதும் நிறுத்துவதுமாக இருந்தான்.

"அண்ணி, அந்த ஹாரன் விஷயம். வேன்காரர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன், அது நான் பாத்த வேலைன்னு. என் பொண்ணு இருக்கும்போதே சொல்றேன்." துடைப்பதை நிறுத்தினான். "மனசுல வச்சுக்காதீங்க. விட்டுடுங்க அண்ணி."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். நாற்பத்தொரு நாள் கழித்து நிதானமாகப் பார்க்கிறேன். முகமெல்லாம் வெள்ளைப் பொடி, அதில் கண் இரண்டு மட்டும் சிவந்திருந்தன.

"விட்டாச்சு" என்றேன்.

அவன் பைக்கில் கால் போடப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். பயந்துபோய்க் கேட்டான்.

"உள்ள விட்டதா அண்ணி, வெளிய விட்டதா?"

"வெளியதான் தம்பி" என்றேன். "வண்டியை எடு, கை எரியுது."